மில் ரோட்டின் ஆயுள்

மில் ரோடு, கார்ன்முயர்
2 மே 2011

அன்புத் தங்கை இஷ்பெலுக்கு,

நலம். லீக் வெங்காயப் பாத்தியில் நத்தை புகுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஹ்யூகிதான் கொண்டுவந்து விட்டிருப்பான். கண்காட்சிப் போட்டிக்கு அவனும் லீக் வளர்க்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். காகித ஆலையிலிருந்து எங்கள் பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. விலைவாசியோடு வருடா வருடம் பென்ஷன் ஏறுவதை நாங்கள் விட்டுக்கொடுத்தால், இப்போதே ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருவார்களாம். அதன் பிறகு சாகும்வரை ஏறாது. மே கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஜோடி கையுறைக்கு மூன்று தடவை கேட்கவைத்த ஆலை இது. அது தானாக அள்ளிக் கொடுக்க வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

பௌலிங் கிளப்பில் நம் ஆலைக்காரர்கள் முப்பது பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். "ஆர்ச்சி, இந்த ஆயுள், பென்ஷன் கணக்கெல்லாம் போடற ஆக்சுவரிதானே உன் தங்கச்சி? நீ போட்டா நாங்களும் கண்ண மூடிட்டுப் போடறோம்" என்கிறார்கள். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் உன் கம்பெனி பெயர் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தை போதும்.

உன் அண்ணன்
ஆர்ச்சி


எடின்பரோ
5 மே 2011

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரே வார்த்தை என்னால் எழுத முடியாது. என் கம்பெனி ஆலைக்கு ஆலோசனை சொல்கிறது. பென்ஷன் வாங்குபவர்களுக்கு நான் எதுவும் சொல்லக் கூடாது. உங்களுக்கென்று தனியாக ஓர் ஆலோசகரை அமர்த்தியிருக்கிறார்கள். கடிதத்திலேயே அவர் நம்பர் இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

அலுவலகக் கணினியில் அடிக்காமல் வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். உனக்கு இருந்த அந்த இருமல் போய்விட்டதா?

அன்புடன்
இஷ்பெல்


மில் ரோடு
9 மே 2011

இஷ்பெலுக்கு,

ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எதற்கம்மா ஒளித்து ஒளித்துக் கையால் எழுதுகிறாய்?

அந்த ஆலோசகருக்குப் போன் செய்தேன். பையன் நன்றாகத்தான் பேசினான். "அது உங்க சூழ்நிலையப் பொறுத்தது சார்" என்று ஆறு தடவை சொன்னான். எண்ணினேன்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் எல்லோரிடமும் தபால் குறியீட்டைச் சரிபார்த்து அனுப்பச் சொன்னார்கள். வருடக்கணக்காக இதே வீட்டுக்குத் தபால் அனுப்புகிறவர்களுக்கு அது எதற்கு? ஹ்யூகி சொல்கிறான்: "மில் ரோட்டுக்காரன் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருவான்னு தெரிஞ்சுக்கத்தான்டா." எங்கள் ஆயுளை எண்ணியது நீயா? அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லை. அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

பதினேழு வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்தாய். பதினோரு வருடம் பரீட்சை. ஒரே பேப்பரில் நாலு தடவை கோட் அடித்தாய். காலைக் கஞ்சி ஆறுவதற்குள் நான் கேள்வி கேட்பேன்: "அறுபத்தாறு வயசுக்காரன் ஆயிரம் பேர்ல இந்த வருஷம் எத்தனை பேர் சாவான்?" நீ டக்கென்று சொல்வாய், நான் சிரிப்பேன். இப்போது எனக்கு அறுபத்தாறு. எங்கள் தெருவுக்கு என்ன எண் போட்டிருக்கிறாய்?

ஆர்ச்சி


எடின்பரோ
12 மே 2011

அண்ணா,

நான்தான் எண்ணினேன். உன் தெருவில் பிறந்த ஆணுக்கும் இங்கே என் தெருவில் பிறந்தவனுக்கும் ஆயுளில் பதினோரு வருடம் வித்தியாசம். அந்தத் தாளில் நம் வீட்டுக் குறியீட்டைப் பார்த்த பிறகு உன் எதிரில் வந்து உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் அது பிறக்கும்போது போடும் கணக்கு. அறுபத்தாறைத் தொட்டவர்களில் பாதிப் பேர் எண்பதைத் தாண்டுவார்கள், மில் ரோட்டிலும்தான். எழுபத்தாறைத் தாண்டினாலே இந்தப் பேரத்தில் நஷ்டம் உங்களுக்கு. ஆலைக்கு லாபம் வரும்படி போட்ட கணக்கு அது. போட்டவளே சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே. யாரும் போட வேண்டாம்.

இதை எழுதியதை நாளைக் காலை என் மேலதிகாரியிடம் நானே சொல்லப்போகிறேன். திருட்டுத்தனமாகச் செய்ய எனக்கு வராது. முப்பத்தைந்து வருட உத்தியோகம் போனால் போகட்டும்.

எனக்கும் ஒரு சந்தேகம். உன் ஆயுளைப் பற்றி இதுவரை நீ கேட்டதே இல்லை. இருமலைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலும் இல்லை. டாக்டரிடம் போனாயா?

இஷ்பெல்


மில் ரோடு
21 மே 2011

என் தங்கைக்கு,

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச்சிலேயே போனேன். நுரையீரல். இரண்டு கிறிஸ்துமஸ் பார்க்கலாம் என்றார் டாக்டர். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு இந்தப் பேரம் லாபம் என்று உன் அளவுக்குப் படிக்காமலே தெரிந்தது. ஆனால் நான் போட்டால் முப்பது பேரும் போடுவார்கள். அவர்களுக்கு அது நல்லதா கெட்டதா என்பதுதான் தெரியவில்லை. உன்னைக் கேட்டது அதற்காகத்தான். நீ கம்பெனிப் பக்கம் போய்விட்டாய் என்றுகூட நினைத்தேன். மன்னித்துக்கொள்.

நேற்று கிளப்பில் எழுந்து நின்று சொன்னேன். "நான் போட்டுட்டேன். ஏன்னா நான் சாகப்போறேன். சாகப்போறவன் மட்டும் போடுங்க, மத்தவன் எல்லாம் காகிதத்தக் கிழிச்சுப் போடுங்க." ஹ்யூகி எழுந்து, "அப்போ லீக் கண்காட்சிக்கு நீ வருவியா மாட்டியா, அதச் சொல்லுடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது கடிதமும் கிழிந்தது.

உன் பெயரை நான் எடுக்கவில்லை. உன் கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னும் சொல்லவில்லை என்றால் மேலதிகாரியிடம் சொல்லாதே.

அண்ணன்


எடின்பரோ
24 மே 2011

அண்ணா,

மறுநாளே சொல்லிவிட்டேன். மேஜையைக் காலி செய்ய அரை மணி நேரம் கொடுத்தார்கள். பெட்டி பாதிதான் நிரம்பியது.

ஆயுள் பட்டியல் சொல்வது தெருவுக்குத்தான், ஒரு ஆளுக்கு இல்லை என்று முப்பத்தைந்து வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து, டாக்டர் சொன்ன கணக்கை நினைத்து, அதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். திரும்புவதற்கு டிக்கெட் எடுக்கவில்லை. கஞ்சி வை. இந்தத் தடவை கேள்வி எதுவும் கேட்காதே.

உன்
இஷ்பெல்