முதல் வரிக்கே எழுந்து நின்றார்கள்

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்து தூறல். மழை வந்தால் ஆம்பூரில் தோல் வாடை ஜாஸ்தி. தொண்டை கரகரப்பு. வெந்நீர், அதிமதுரம்.

ஷூ கம்பெனியில் இன்றும் டார்கெட் முடியவில்லை. பக்கத்து தையல் மெஷின் ஷமீம்: "இன்னாக்கா, வாய்க்குள்ளயே முணுமுணுன்னுக்கிட்டு? சனிக்கிழமை பாட்டா?" ஆமாம் என்றேன். பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

பீட்டர் போன். ஒரு காலத்தில் சென்னை ஓட்டல்களில் நான் ப்ளூஸ் (இழுத்து இழுத்துப் பாடும் இங்கிலீஷ் சோகப் பாட்டு) பாட, அவன் கிட்டார். குழு கலைந்தது. நான் ஊருக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன், அவன் அங்கேயே தங்கிவிட்டான். சனிக்கிழமை எங்கள் சபைப் பள்ளியின் பழைய மாணவர் விழா. அதில் நாங்கள் ஒரு பாட்டு பாட இடம் வாங்கியிருக்கிறான். ஓட்டல் மேனேஜர் ஒருவரையும் கூட்டி வருகிறானாம். அவருக்குப் பிடித்தால் வாராவாரம் மேடை. பிடிக்காவிட்டால் இந்த மெஷின்தான், கடைசி வரை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அரை நாள் லீவு. எதிர்த் தெரு சாமுவேல் வாத்தியார் இறந்துவிட்டார். சவப்பெட்டி மூடும்போது பாட எங்கள் சபையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாத்தியம் கிடையாது. கண்ணை மூடி முதல் வரியைத் தனியாக இழுப்பேன். அதைக் கேட்டதும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், பெண்கள் முக்காடு போடுவார்கள், பெட்டியை மூடுவார்கள்.

அந்த இழுப்பு ப்ளூஸ் இழுப்பு. யாருக்கும் தெரியாது. பாட வேறு இடம் இல்லாமல் அங்கே கொண்டுபோய்க் கொட்டினேன்.

வாசலில் ஒரு அம்மா இன்னொருத்தியிடம்: "கிரேசு பாடலன்னா சாவு வீடு சாவு வீடு மாதிரியே இருக்காது." பாராட்டுதான். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை, பிணம் இல்லாத இடத்தில் என் குரலை இந்த ஊர் கேட்கட்டும்.

நாளைக்கு: நீலப் புடவை (இஸ்திரி). பனங்கற்கண்டு. ஷமீமுக்கு விழா பாஸ்.

ஆகஸ்ட் 9, சனி

காலை பீட்டருடன் ஒத்திகை. "முதல் வரி தனியா எடு. கிட்டார் அப்புறம் வரும். நீ எப்பவும் அப்படித்தான ஆரம்பிப்ப?" சரி என்றேன். பாட்டு நான் எழுதியது. சென்னைக்குப் போனவன் அவள் போனை எடுப்பதே இல்லை, அவள் அழைத்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

குரல் இருக்கிறது. கீழ் ஸ்தாயி முன்பைவிட ஆழம். ரொம்ப நாள் கழித்து கண்ணாடி பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. சர்ச்சுக்குப் போகவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாது.

நேற்று சாயங்காலம் மண்டபம் நிறைய கூட்டம். பிரியாணி வாசனை, சளசளவென்று பேச்சு. கண்ணை மூடி முதல் வரியை இழுத்தேன். பேச்சு சட்டென்று நின்றது. நாற்காலிகள் நகரும் சத்தம். கண்ணைத் திறந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ஒரு மூச்சு நேரம், சத்தியமாக, எனக்காக என்று நினைத்தேன். அப்புறம்தான் முன்வரிசைப் பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிடுவது தெரிந்தது.

நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன். போனை எடுக்காத ஒருத்தனுக்காக இத்தனை பேர் தலை குனிந்து நிற்கிறார்கள். முடிந்ததும் கைதட்டல் இல்லை. சாவுக்கு யார் கைதட்டுவார்கள்?

விஷயம் தெரியாத மேனேஜர் அசந்துபோனார். மேடைக்குப் பின்னால் பீட்டர் குதிக்கிறான்: "முதல் வரிக்கே எழுந்து நின்னாங்க, பாத்தியா! வர்ற சனிக்கிழமையே ஓட்டலுக்கு வரச் சொல்றாரு!" அவனுக்கும் விஷயம் தெரியாது.

யார்மேல் கோபப்படுவது? நானே பழக்கிய பழக்கம். இனி எங்கே வாய் திறந்தாலும் இங்கே அது பெட்டி மூடுகிற குரல்தான். சென்னைக்கு எதற்கு? விட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். பீட்டர் மெசேஜ்: வர்றியா இல்லையா? பதில் போடவில்லை. தலை நிமிராமல் தைத்தேன்.

டீ நேரத்தில் ஷமீம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் எழுந்துட்டாங்க, நான் மட்டும் உக்காந்தே கேட்டேன்க்கா. தப்பா?"

தப்பில்லை என்றேன்.

"கடைசி வரைக்கும் அவன் போனை எடுக்கவே இல்லையா?"

இல்லை.

"பேமானி," என்றாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பீட்டருக்கு மெசேஜ் போட்டேன்: வர்றேன்.