பதினோரு குச்சிக் கட்டு

மாசி 5, திங்கள்
பனி. எதிர் மேடு தெரியவில்லை. முதியோர் வகுப்பில் கொடுத்த நோட்டு, நான்காம் பக்கம்.

பேத்தி மல்லிகா, இரண்டாம் வகுப்பு. இனி ம. என்று எழுதுவேன், கை வலிக்கிறது. கணக்கில் இன்னும் அரும்பு என்ற முதல் குழு. கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் அடுத்த குழுவான மொட்டுக்குப் போயாயிற்று. வெள்ளிக்கிழமை டீச்சர் கேட்பதற்குச் சரியாகச் சொன்னால் இவளும் போகலாம்.

டீச்சர் என்னிடம் குச்சி கேட்டார். பத்துப் பத்தாய்க் கட்டு, கொஞ்சம் உதிரி. எதற்கென்று சொல்லவில்லை.

செவ்வாய்
நல்ல வெயில். எஸ்டேட்டில் கவாத்து செய்து வெட்டிப் போட்ட காபிச் செடிக் குச்சி. விரல் நீளம் வெட்டினேன். முதல் கட்டை எண்ணிக் கட்டினேன். பிறகு கைக்கே தெரிந்துவிட்டது. முப்பது கட்டு, தனியே கொஞ்சம் உதிரி.

புதன்
ம. வகுப்பில் கடைசி பெஞ்சில் என்னையும் உட்காரச் சொன்னார் டீச்சர். பலகையில் 23. கீழே மேசையில் இரண்டு கட்டு, மூன்று குச்சி. அந்த 2, கட்டாம்! நேற்று வரை இரண்டும் மூன்றும் பக்கத்தில் நிற்கின்றன என்றிருந்தேன். பிறகு மூன்று குச்சியையும் எடுத்துவிட்டு 20 என்று எழுதினார். காலி இடத்துக்கும் ஓர் எழுத்து. யாருக்குத் தோன்றியதோ.

வாங்க: ரீஃபில், உப்பு, ம.வுக்கு ரிப்பன்.

வெள்ளி
தூறல். ம. கையில் மூன்று கட்டு, நான்கு உதிரி. எத்தனை என்றார் டீச்சர். ம. ஒரு கட்டை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றி எண்ணினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். கட்டைப் பிரிக்காமல் சொல்வதுதானே பாடம்.

“முப்பத்தஞ்சுங்க டீச்சர்.”

“மூணு கட்டு, நாலு குச்சி கண்ணு. நல்லாப் பாரு.”

“இது குண்டா இருக்குதுங்க. பதினொண்ணு.”

நாற்பது வருடம் விறகு கட்டிய கை. பிடி நிறைந்தால் பத்து என்று கட்டிவிட்டது. எழுந்து நின்றேன்.

“தப்பு என்னுதுங்க. எண்ணாமக் கட்டிப்புட்டனுங்க.”

டீச்சர் எண்ணிப் பார்த்தார். பதினொன்று. ம. ஒரு குச்சியை உருவி உதிரியில் சேர்த்தாள். மூன்று கட்டு, ஐந்து குச்சி. பலகையில் 35 என்று அவளே எழுதினாள். டீச்சர் அவள் பெயர் அட்டையை மொட்டில் மாட்டினார். உருவிய குச்சியோடு எல்லாக் கட்டையும் பையில் போட்டு, எண்ணிக் கட்டி வரச் சொல்லி என்னிடமே கொடுத்தார்.

சனி
மறுபடி பனி. அந்தப் பதினொன்றாவது குச்சியையும் பழைய கட்டில் சேர்த்து, முப்பதையும் பிரித்தோம். ஒன்பதும் உண்டு, பன்னிரண்டும் உண்டு. “ஏனுங்க அப்புச்சி, நீங்க அரும்புங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் எண்ண, நான் கட்டினேன். மறுபடி சரியாக முப்பது. பத்துக் கட்டை ஒரு பெரிய கட்டாக்கினாள். பெரியது மூன்று. சின்னக் கட்டு மிச்சமில்லை. உதிரி இல்லை.

“எழுதுங்க அப்புச்சி.”

3 எழுதினேன். பக்கத்தில் இரண்டு இடம் காலி.

300.