நோன்பும் அர்ஷாக்கின் பம்பும்

கிண்ணியா,
நோன்பு இருபத்தொன்று.

அன்பு மகன் றிஸ்கானுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீ சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன், இங்கே வாப்பாவுக்கும் எனக்கும் உடம்பு சுகம்தான், மனம் மட்டும் சரியில்லை. போனில் சொன்னால் டியூட்டி என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, நாளைக்கு அங்கே திரும்புகிற பக்கத்து வீட்டு சுஹைராவின் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன், முழுக்க வாசி.

உன் தம்பி அர்ஷாக்கிடம் இருந்த நீலப் பம்ப் உனக்குத் தெரியும். வாப்பாவின் மூச்சு இழுப்பு அவனுக்கும் வந்துவிட்டதாக்கும், அதற்கு நானா தந்த மருந்துப் பம்ப் என்று உன்னைச் சொல்கிறான், வெளிநாட்டு மருந்து என்றால் மாம்பழ வாசம் வரும்தான் என்று நம்பினேன். அவன் மறந்த நாட்களில் நானே அதைப் புத்தகப் பையில் வைத்துவிட்டேன், பள்ளிக்கூடத்தில் மூச்சு முட்டினால் பிள்ளை என்ன செய்யும் என்று. நோன்பு வந்ததும் புதுக் கவலை, பகலில் பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா என்று. அவனைக் கேட்டால் இது வெறும் ஆவிதானே உம்மா என்றான். எனக்கு மனம் ஆறவில்லை, அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு றஊப் மௌலவி வீட்டுக்கே போய், நாலு பெண்கள் இருக்கிற இடத்தில் மார்க்கச் சட்டம் கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ராத்தா, இது மருந்தில்ல, வேப் என்கிற சாமான், சிகரட்டில இருக்கிற நிக்கொட்டின்தான் இதுக்குள்ளயும் இருக்கு, பழ வாசத்தப் போட்டு மறைச்சிருக்கானுகள் என்றார். என் முகத்தை எங்கே வைப்பது. அவருடைய தங்கச்சி மகனிடமும் ஒன்று பிடிபட்டதாம், சத்தம் போடாமக் கேளுங்க, சத்தம் போட்டா ஒளிக்கத்தான் பழகுவான் என்று சொல்லி அனுப்பினார்.

உன் வாப்பாவுக்குச் சத்தம் போடாமல் கதைக்க ஏலுமா. நாற்பது வருஷம் பீடி குடித்து இழுப்பு வாங்கின மனுசன், சுத்தியலால் அதை உடைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் பள்ளிவாசல் பயான் போலப் புத்தி சொன்னார், பெடியன் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்றாம் நாள் நான் நோன்புக் கஞ்சி கிண்டும்போது குசினிக்கு வந்து, அது இல்லாமப் படிக்கக் குந்த ஏலாம இருக்கு உம்மா என்றான். சோதனைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து, எப்ப தொடங்கினது மகன் என்று மட்டும் கேட்டேன், எல்லாம் சொன்னான். போன லீவில் உன் அறையில் நீதான் ஊதக் கொடுத்தாயாம், பிறகு சொக்கலேட் பெட்டிக்குள் வைத்தும் அனுப்பினாயாம். அந்தப் பம்ப் நல்லதா என்று நான் போனில் கேட்டபோது ஓம் உம்மா, நல்ல சாமான் என்று சிரித்தாயே. அவன் மேல் வந்ததைவிட உன் மேல்தான் எனக்குக் கோபம், அதை மறைக்க மாட்டேன்.

நேற்றோடு ஆறு நாள் அவன் ஊதவில்லை. வாப்பா டொக்டரிடம் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார், திட்டுவதையும் குறைத்திருக்கிறார். ஆனால் பிள்ளை ஒன்று கேட்டான், அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். நானாவுக்கு விட ஏலுமா உம்மா, நானாவுக்கே ஏலாட்டி எனக்கு எப்படி ஏலும் என்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவனுக்குப் போன் எடு. புத்தி சொல்லாதே, பகிடியும் விடாதே. உன்னால் விட முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல், அவனோடு சேர்ந்து நீயும் விடு.

நோன்பு பிடிக்க ஸஹருக்கு எழும்பினால் தேத்தண்ணீரோடு நிற்காமல் சோறு சாப்பிடு. அல்லாஹ் உங்கள் இருவருடைய மூச்சுக்கும் பரக்கத் செய்வானாக. நானா இந்த முறை உண்மை சொல்லுவான் என்று உன் தம்பிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் மகன்.

வஸ்ஸலாம்.
உன் உம்மா,
அசனா