மூன்று ஜாடிகளின் மூச்சு

பதிவு 1 | ஜனவரி 1, 2151 | 09:10

கொற்கை ஆய்வு நிலையம், காலிஸ்டோ நிலா. எழுதுவது ஹில்டா மச்சாது, நுண்ணுயிரியல். காற்றழுத்தம் சரி. வெப்பம் 21 டிகிரி. பனித்துளைப்பு 412 மீட்டர். ஆட்கள் மூவர்: நான், நிலையத் தலைவர் கஸ்பார் அண்ணன், துளைப்புப் பொறியாளர் மாசானமுத்து.

புத்தாண்டுக்கு ஒயின் போட்டோம். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கிறிஸ்மஸுக்குப் போடுவதுதான்: உலர்திராட்சை, சீனி, ஒரு கை கோதுமை, கிராம்பு. ஆளுக்கொரு நாற்பது லிட்டர் டிரம். பேச்சுக்கு ஜாடி என்கிறோம். சீனிக்காக ஆறு மாதம் மூவரும் சப்பென்று காப்பி குடித்தோம்.

வருடத் திட்டத்தை எழுதி அவரவர் ஜாடியில் ஒட்டினோம். கஸ்பார் அண்ணன்: "இருபத்தோரு நாளைக்கு முன்ன மூடியத் தொறக்க மாட்டேன்." மனிதர் பத்தாம் நாளே கரண்டியோடு நிற்பவர். மாசானம்: "கருப்பட்டியும் இஞ்சியும் போட்டு ஒண்ணு செஞ்சு, ஊருக்குப் போகும்போது எங்கம்மாவுக்கு ஒரு பாட்டில்." நான்: போன வருடம் போல் காடியாக்காமல், அடியில் தங்கும் மண்டியைச் சாகவிடாமல் வைத்து, அதைக் கொண்டே பன்னிரண்டு ஜாடி.

பதிவு 2 | ஜனவரி 3 | 11:30

மூன்று ஜாடியும் நுரைத்துப் பொங்குகின்றன. பிரமாதம்!

மேலே சுற்றும் 'வைகறை' கப்பலிலிருந்து விமானி மெஹருன்னிசா கூப்பிட்டாள்: "ஹில்டாக்கா, உங்க ஆள் கணக்கு அஞ்சு காட்டுது. ரெண்டு விருந்தாளிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" காற்று வடிகட்டி பிடிக்கும் கரியமிலவாயுவை அளந்து, எத்தனை பேர் மூச்சு விடுகிறோம் என்று கருவி தானாகவே கப்பலுக்குச் சொல்கிறது. ஒயின் பொங்கினாலும் கரியமிலவாயு வரும். சொன்னேன், சிரித்தாள். கூடினால் கவலையில்லை. மூன்றுக்குக் கீழே எட்டு மணி நேரம் நின்றால்தான் அங்கே மணி அடிக்கும். மீட்பு ஓடம் கிளம்பும்.

பதிவு 3 | ஜனவரி 4 | 08:00

காலையில் பனி அதிர்ந்து ரேடியோக் கம்பம் சாய்ந்தது. எங்கள் குரல் இனி வெளியே போகாது; ஆள் கணக்கு மட்டும் தனி அலைவரிசையில் கப்பலுக்குப் போகும். வருவதைக் கேட்க மட்டும் முடியும்.

மாற்றுக் கருவி பழைய முகாமில் இருக்கிறது, எழுபது கிலோமீட்டர். இருக்கும் ஒரே வண்டியில் கஸ்பார் அண்ணனும் மாசானமும் கிளம்பினார்கள். இங்கே ஒரு வழக்கம்: ஜாடியை அவரவர்தான் கலக்க வேண்டும், வெளியே போகிறவர் தம் அகப்பையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கஸ்பார் அண்ணன் வாசலில் நின்று தன் அகப்பையை நீட்டினார். "நாலு நாள்தான். ஒரு நாளும் விட்றாத, ஹில்டா." மாசானம் அவனுடையதை என் சட்டைப் பையில் செருகினான்.

பதிவு 4 | ஜனவரி 5 | 16:10

வண்டி வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். ரேடியோவில் மாசானம்: "அக்கா, அச்சு முறிஞ்சு போச்சு. காத்து பதிமூணாந்தேதி சாயங்காலம் வரைக்கும் தாங்கும். கப்பலுக்கு எங்க குரல் எட்டல. உங்களுக்குக் கேக்குதா? கேக்கும்னு நெனச்சுப் பேசுதேன். தெனமும் நாலு மணிக்குப் பேசுவோம்."

கேட்கிறது, ராசா. பதில்தான் சொல்ல முடியவில்லை.

கப்பல் பார்த்துக்கொள்ளும். இருவர் குறைந்தால் ஆள் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். எட்டு மணி நேரம் தாண்டிவிட்டது, ஓடம் வந்துகொண்டிருக்கும். ஓடம் இங்கே இறங்கினால் அதன் ரேடியோவில் இடத்தைச் சொல்லி அவர்களைத் தூக்கிவிடலாம். மூன்று ஜாடியையும் கலக்கினேன்.

பதிவு 5 | ஜனவரி 7 | 17:00

ஓடம் ஏன் வரவில்லை?

மெஹர், இன்று காலை: "குரல் வரல, கம்பம் போச்சுன்னு தெரியுது. ஆள் கணக்கு மூணு, சரியாத்தான் இருக்கு. பயப்படாதீங்க. இருபதாந்தேதி சரக்கோட வரும்போது மாத்திக்கலாம்."

நான்கு மணிக்குக் கஸ்பார் அண்ணன்: "சும்மா கெடக்க முடியல. வருஷத் திட்டத்த முழுசாப் போடுவோம், மாசத்துக்கு ஒண்ணு. எழுதிக்கோ. பிப்ரவரிக்கு நெல்லிக்கா வத்தல். மார்ச்சுக்கு அன்னாசி, டின்ல உள்ளது." பின்னால் மாசானம்: "டின் அன்னாசில ஒயினா? நாசமாப் போச்சு!" எழுதிக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பதிவு 6 | ஜனவரி 8 | 10:20

மூன்று எப்படி வரும்? உள்ளே இருப்பது நான் ஒருத்தி.

மர மண்டை. மர மண்டை. ஜாடிகள்தான். மற்ற இருவரின் மூச்சை அவை விட்டுக்கொண்டிருக்கின்றன. காலையும் மாலையும் கலக்கிக் கலக்கி அதை நிற்காமல் பார்த்துக்கொண்டது நான். அவர்கள் உள்ளே பத்திரமாக இருக்கிறார்கள் என்று என் கையாலேயே தினமும் கப்பலுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வடிகட்டி அறைக்குப் போய்க் கருவியின் திரையை இன்றுதான் பார்த்தேன்: 3. வடிகட்டியை நிறுத்திப் பார்த்தேன். பழுது என்று எடுத்துக்கொண்டு கடைசி எண்ணையே அனுப்புகிறது. கருவி பனிக்குள் முத்திரையிட்டுப் புதைத்தது, தொட வழியில்லை. ஜாடிகளைத்தான் கொல்ல வேண்டும்.

பதிவு 7 | ஜனவரி 8 | 15:40

முடிந்தது. நூற்றிருபது லிட்டரையும் கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டேன். கொதிக்கவைத்துக் கொட்டியிருக்கலாம். அடுப்பு சிறியது, ஒரு நாள் முழுக்க ஆகும். உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணமில்லை. மண்டியை வேகவைக்க எனக்குக் கை வரவில்லை. ஒயின் போடுகிற எவரும் மண்டியை வேகவைப்பதில்லை.

எண்ணிக்கை 2. இறங்குகிறது!

16:00. கஸ்பார் அண்ணன்: "ஏப்ரலுக்கு பேரீச்சம்பழம். மே மாசத்துக்கு மாசானத்தோட கருப்பட்டி. ஜாடியக் கலக்குனியா?"

மன்னித்துவிடுங்கள், அண்ணே.

பதிவு 8 | ஜனவரி 8 | 22:50

ஏழு மணி நேரம் இரண்டில் நின்றது. இன்னும் ஒரே மணி நேரம். இப்போது 3.

எங்கிருந்து?

பதிவு 9 | ஜனவரி 9 | 07:15

எண்ணிக்கை 4. கழிவுத் தொட்டி. கதகதப்பான தொட்டி, சமையல் கழிவு, அதன் மேல் நான் கொட்டிய சீனிச்சாறு, உயிரோடு மண்டி. நான் நுண்ணுயிரியல் படித்தவளாம். பட்டத்தைக் கிழித்துப் போட வேண்டும்.

மெஹர்: "நாலு காட்டுதே! மறுபடியும் ஒயினா? எனக்கும் கொஞ்சம் வைங்க." அடியே, பாவி!

தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டேன். எனக்குக் குடிநீரும் அதைச் சுத்திகரித்துத்தான் வருகிறது, பரவாயில்லை. ஆறாயிரம் லிட்டர். ஆற நாளாகும்.

பதிவு 10 | ஜனவரி 11 | 17:30

தொட்டி 19 டிகிரி. எண்ணிக்கை 4. கிருமிநாசினி அத்தனையும் ஊற்றினேன். கடலில் கரைத்த பெருங்காயம்.

மாசானம் பேசினான். குரல் மெலிந்துவிட்டது. "அக்கா, ஓடத்த அனுப்பிட்டியளா? அனுப்பிருப்பிய. வழியில இருக்கும்னு அண்ணன்ட்ட சொன்னேன்." ஜூனுக்குச் சீரகம் என்றான். ஜூலைக்கு என்ன என்பதில் இருவருக்கும் சண்டை.

செத்துப்போன மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தினேன். அறையில் என் சத்தம்தான் திரும்பி வந்தது. சத்தம் அடங்கியதும் தரைக்கு அடியில் தொட்டி களக் களக் என்று பேசிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பேசுவதுபோலவே கேட்கிறது.

பதிவு 11 | ஜனவரி 13 | 16:25

தொட்டி 9 டிகிரி. எண்ணிக்கை 3. இறங்கு. இறங்கித் தொலை. உன் காலில் விழுகிறேன்.

கஸ்பார் அண்ணன் மட்டும் பேசினார். "மாசானம் பேச மாட்டேங்கான். ஒறங்குதான்னு வச்சுக்கிடுவோம். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத ஹில்டா, நீ என்ன செய்வ. எழுதுதியா? ஜூலைக்கு அவன் சொன்னதே இருக்கட்டும், மாம்பழம். ஆகஸ்டுக்கு..."

பேனாவைப் பிடித்தபடி இருக்கிறேன். ரேடியோ திறந்தே கிடக்கிறது. வண்டியின் காற்றாடி சுற்றும் சத்தம் வருகிறது.

பதிவு 12 | ஜனவரி 14 | 05:00

தொட்டி 4 டிகிரி. சத்தம் நின்றுவிட்டது.

எண்ணிக்கை 1.

பதிவு 13 | ஜனவரி 14 | 13:05

மணி அடித்துவிட்டது. ஓடம் கிளம்பிவிட்டது. ஒன்பது மணி நேரத்தில் இறங்கும். மெஹர் ஓட்டுகிறாள். பேச்சை நிறுத்தவே இல்லை, அழுதுகொண்டே பேசுகிறாள்.

"வந்துட்டிருக்கேன். கேக்குதா? நேத்து வரைக்கும் மூணு பேர் நல்லா இருந்தீங்களே, ராத்திரியோட ராத்திரியா என்ன ஆச்சு? உள்ள இருக்கறது யாரு? கஸ்பார் அண்ணனா? மாசானமா? ஹில்டாக்காவா? யாரா இருந்தாலும் தைரியமா இருங்க. அவங்க ரெண்டு பேர் பக்கத்துலயே இருங்க, நான் வர்ற வரைக்கும் தனியா விட்டுறாதீங்க."

நான்தான், மெஹர்.