கண்ணாடிக் கதவில் ஒட்டிய முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறேன், வகுப்பிலேயே முதல். "ஓடுறவளுக்குப் படிப்பு ஏறாது" என்ற அத்தையிடம் மறக்காமல் சொல்லுங்கள். முழங்கால் லேசாகப் பிசகி இரண்டு மாதமாக ஓடவில்லை. அதனால் படிக்க நேரம் கிடைத்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

விளையாட்டு அணியில் இருக்கும் நாங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறோமா என்று பார்க்கவே கல்லூரியில் ஒருவர் இருக்கிறார். கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்து, தாளில் டிக் அடித்துக்கொண்டு போவார். பல்லி என்று பெயர் வைத்திருந்தோம். "நிம்மதியா தூங்க விடுறாரா பாரு" என்று தினமும் திட்டுவேன்.

போன வாரம் அணிப் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். கல்லூரி ஏற்பாட்டில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த அக்காவும் அணிப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம். விடைத்தாள் தந்த அன்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லி வந்தார், பக்கத்தில் இருந்தவளுக்கு டிக் அடித்தார், போய்விட்டார்.

அலமாரியில் உள்ள என் பழைய முழங்கால் பட்டையை அனுப்புங்கள். இங்கே வாங்கியது இறுக்குகிறது.

காத்திருந்த பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்த வாரம் ஒழுங்கா கிளாசுக்குப் போனியா?" என்று ஒருமுறை அதட்டிக் கேளுங்கள், அப்பா.

உங்கள் மகள்