ஃப்ரிட்ஜைத் திறக்காத காலைகள்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன், சாப்பிடவும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் உன் அக்காவிடம், "ஆன்ட்டிக்குப் பால் எங்க இருக்குன்னே ஞாபகம் இல்ல, பாவம், கடுங்காபி குடிக்கிறாங்க" என்றாராம். பால் ஃப்ரிட்ஜ் கதவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அவர் தன் நோயாளிகளின் வாயைப் பார்த்தால் போதும். நீங்களும் அங்கே சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, உங்கள் ஃப்ரிட்ஜ் எனக்குச் செய்தி அனுப்புவதில்லையே.

போன விடுமுறையில் வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பொத்தானை ஒட்டிவிட்டுப் போனாய். காலையில் நான் கதவைத் திறக்காவிட்டால் உன் போனில் மணி அடிக்கும் என்றாய். ஒருநாள் வீட்டில் பால் இல்லை, கடுங்காபி போட்டேன். கோப்பையை வாயில் வைப்பதற்குள் நீ அழைத்து, "அம்மா, என்னாச்சு? எழுந்தாச்சா? பேசும்மா" என்று பதறினாய். எப்போதும் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறவன், அன்று மருமகளின் முழங்கால் வலி வரைக்கும் சாவகாசமாகச் சொன்னாய். அதன் பிறகு, உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்த காலைகளில் நான் பாலைத் தொடவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் இயந்திரங்களைப் பற்றி நீ எழுதிய சைபர்நெட்டிக்ஸ் வரலாற்றுப் புத்தகத்தையும் படித்து முடித்தேன், அச்சுப்பிழைகளைப் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்கிறாய். நீராவி இயந்திரம் வேகமெடுத்தால் அதில் சுழலும் குண்டுகள் விரிந்து நீராவியைத் தாமே குறைக்கும், தளர்ந்தால் கூட்டும் என்கிறாய். எனக்கு இது புதிதா? உன் அப்பா ஸ்டியரிங் பிடித்த காலமெல்லாம் வண்டியை ஓட்டியது பக்கத்துச் சீட்டிலிருந்த நான்தானே. நீ என்னைக் கண்காணிப்பதாக நினைத்தாய். நான் ஒரு கதவை மூடியே வைத்து உன்னைப் பேச வைத்தேன். ஒரு பொருளை வடிவமைப்பவர் அதோடு வாழப் போகிறவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று கடைசி அத்தியாயத்தில் அழகாக எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்டாயா?

விளையாட்டு அதோடு நின்றிருக்க வேண்டும். அந்தப் பொத்தான் உன் அக்காவுக்கும் செய்தி அனுப்புகிறது என்று நீ சொல்லவே இல்லை. அவள் எனக்கு மறதி நோய் என்று முடிவு கட்டி, முதியோர் இல்லத்தில் அறையும் பார்த்துவிட்டாள், மாதக் கடைசியில் பெட்டி கட்ட வருகிறாளாம். நான் உள்ளதைச் சொன்னால், "மறந்துபோறவங்க எல்லாரும் இப்படித்தாம்மா சாக்கு சொல்வாங்க" என்கிறாள். இந்த வீட்டை விட்டு நான் எங்கும் வருவதாக இல்லை. அவள் நம்புவது உன்னைத்தான். "அம்மாவுக்கு ஞாபகம் குறையவில்லை, அம்மாவோடு நான் பேசுவதுதான் குறைந்துபோனது" என்று நீயே அவளுக்குச் சொல்ல வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகளை மாடிப்படி ஏற விடாதே. நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் நீடு வாழ வேண்டும்.

அன்புடன்,
உன் அம்மா

நாளையிலிருந்து தினமும் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்துவிடுவேன், உன் போனில் மணி அடிக்காது. ஆகையால் இதற்குப் பதிலைக் கையால் எழுதி அனுப்பு.