ஐந்தாம் பத்தில் போகும் சிக்னல்

ஒக்டோபர் 5, 2025. ஞாயிறு

இன்றைக்கும் தம்பி முறை வந்ததும் சிக்னல் போய்விட்டது.

செபமாலை மாதம் என்று கனடாவிலிருந்து தங்கச்சி றொசானா செய்த ஏற்பாடு இது. ஞாயிறு மாலை ஆறரைக்கு எல்லோரும் போனில் கூடி, ஆளுக்கொரு பத்து சொல்ல வேண்டும்: ‘அருள் நிறைந்த மரியாயே’ பத்துத் தடவை, ஒருவர் தொடங்க மற்றவர்கள் பதில். இங்கே மன்னார் வங்காலையில் எங்களுக்கு அந்தி, பாரிஸில் பெனடிக்ற்றுக்கு மூன்று மணி, றொசானாவுக்குக் காலைத் தேத்தண்ணி நேரம். முதல் பத்து அப்பா, இரண்டாவது நான், பிறகு றொசானா, அவள் மகள். ஐந்தாவது பெனடிக்ற். எங்கள் வீட்டில் கடைக்குட்டிக்கு எப்போதும் கடைசிப் பத்துத்தான்.

நாலு பத்தும் தெளிவாகக் கேட்டன. ஐந்தாவதில் அவன் முகத்தைக் காணோம். பிறகு ஒரு மெசேஜ்: ‘சிக்னல் இல்லை அக்கா.’

“பொறு பிள்ளை, அவன் வருவான்” என்றார் அப்பா. பத்து நிமிடம் பொறுத்தோம். கடைசியில் நானே சொல்லி முடித்தேன்.

ஒக்டோபர் 7

அப்பாவின் அறைதான் பிழை என்று நினைக்கிறேன். றவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது, நடுவில் இரண்டடி முருகைக்கல்லுச் சுவர். பின்னறைக்கு மேலே தகரம் வேறு. வேலை முடிந்து கந்தோரால் வந்ததும் வராததுமாய் றவுட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தேன். அலுமாரிக்கு மேல் வைத்தால் அறைக்குள் இரண்டு கோடு. யன்னலில் மூன்று, ஆனால் தூவானம் அடிக்கும். அந்தோனியார் நிற்கிற சுருவத்தட்டில் வைத்தேன். நாலு!

“எடித், அந்தோனியாரைத் தள்ளிப்போட்டு இந்தச் சாமானையோ வைக்கிறாய்?”

“தள்ளேல்லை அப்பா. கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொன்னனான்.”

சிரித்தார். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அவர் சிரிப்பதே குறைவு. இதயம் பலவீனம், மனதைத் தயார்ப்படுத்துங்கோ என்று டொக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அவன்ர குரலில ஒரு பத்து கேக்கோணும் பிள்ளை.”

பெனடிக்ற்றுக்கு இன்னும் அங்கே விசா சரிவரவில்லை. வர முடியாது. போனில் கேட்டால்தான் உண்டு.

ஒக்டோபர் 12. ஞாயிறு

நாலு கோடு இருந்தும் ஐந்தாம் பத்து போச்சு.

ஒக்டோபர் 14

பின்னேரம் முழுக்க மழை. கோவில் மணி ஆறுக்கு அடித்தபோது கையில் தேத்தண்ணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த மணி அடித்ததும் அம்மா குசினி வாசலில் நின்று “பெனடிக்ற்!” என்று ஒரு சத்தம் வைப்பா. ஐந்து வீடு தாண்டிக் கடற்கரை வரை கேட்கும். முருகைக்கல்லுச் சுவரும் தகரமும் அம்மாவின் குரலை என்ன செய்தன? அவன் காலெல்லாம் மண்ணோடு ஓடி வருவான். குப்பி விளக்கு, ஒரே பாயில் ஐந்து பேர். நாலாம் பத்துக்கு அவன் தூங்கிவிடுவான். அம்மா தொடையில் ஒரு கிள்ளு. ஒருநாள் திடுக்கிட்டு எழும்பி, செபத்துக்குப் பதிலாக வாய்ப்பாடு சொன்னான். அப்பா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அம்மா முறைத்தா, பிறகு அவவும் சிரித்துவிட்டா.

அந்தப் பாயில் இன்னொரு தடவை இருக்க ஆசையாக இருக்கிறது. வேறொன்றும் வேண்டாம்.

ஒக்டோபர் 19. ஞாயிறு

நேற்று மன்னாருக்குப் போய், சிக்னலை நீட்டிக் கொடுக்கிற கருவி ஒன்று வாங்கி அப்பாவின் அறையிலேயே மாட்டினேன். முழுக் கோடும் வந்தது. ஐந்தாம் பத்தில் பெனடிக்ற் போய்விட்டான்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். “அவனுக்கு வேலையாக்கும்” என்றார். குசினிக்குள் போய் அழுதேன்.

ஒக்டோபர் 21

இன்ரநெற் கொம்பனிக்கு முறைப்பாடு கொடுத்ததில் மன்னார் ரவுணிலிருந்து அபிசா என்றொரு பிள்ளை வந்தாள். ஒவ்வொரு அறையாக நின்று போனில் அளந்து பார்த்தாள்.

“உங்கட பக்கம் ஒரு பிழையும் இல்லை அக்கா.”

“அப்ப ஏன் ஒரே இடத்தில போகுது?”

“படம் இறுகி நிண்டு போகுதோ, டக்கெண்டு போகுதோ?”

“டக்கெண்டுதான்.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “சிக்னல் போனால் முதல்ல படம் இறுகும் அக்கா. டக்கெண்டு போனால், அவர் வெட்டுறார்.”

அவள் போய் வெகுநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை. தம்பி பொய் சொல்கிறானா? என்னிடமா? கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. இந்தப் பொய்யை அவனுக்கு முதலில் சொன்னவள் நான்.

ஒக்டோபர் 22

எழுதித்தான் ஆகவேண்டும்.

2022 மே. அம்மாவின் செத்தவீடு. மின்வெட்டுக் காலம், கரண்ட் போனால் டவரும் போகும். பெனடிக்ற்றுக்காகக் காலையிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு நிக்கிறன். “அக்கா கிட்டக் காட்டுங்கோ, அக்கா கையைக் காட்டுங்கோ” எண்டு அவன் அங்கே குழறுறான். பெட்டி மூடப் போகினம். எல்லாரும் அம்மாவைக் கொஞ்சினம். நான் மட்டும் போனுக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்கிறன். எனக்கும் அவதானே அம்மா? ரெண்டு நிமிசம் நானும் பிள்ளையா இருக்கக் கூடாதோ?

வெட்டிப்போட்டன்.

இரவு, “சிக்னல் போயிட்டுது தம்பி” என்றேன். “பரவாயில்லை அக்கா, கரண்ட் இல்லாத நேரம்தானே” என்றான். மூன்று வருடமாகக் கோவிலில் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 26. ஞாயிறு

றொசானாவுக்கு வேலை, இன்றைக்குச் செபம் இல்லை. பெனடிக்ற்றுக்குத் தனியே எடுத்தேன். சுகம் விசாரித்தால் வாய் வராது என்று தெரியும், நேரே சொன்னேன்.

“தம்பி, அம்மாவை மூடேக்க சிக்னல் போகேல்லை. நான்தான் வெட்டினனான்.”

“தெரியும் அக்கா. படம் இறுகேல்லை, டக்கெண்டுதான் போனது.”

“பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?”

“நீங்கள் அங்க தனிய நிண்டனீங்கள். உங்களை என்னெண்டு கேக்கிறது?”

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவனாகவே சொன்னான்: “என்ர முறை வரேக்க அப்பாக்குப் பக்கத்தில அம்மான்ர கட்டில் தெரியுது. வாய் திறந்தா அழுதிடுவன். அவர் இருக்கிற நிலையில அதைக் கேக்கவேணுமோ?”

“அழுதுகொண்டே சொல்லு. அவர் வேற என்னத்தைக் கேட்டவர்?”

“நீங்கள் வெட்டினாப் பிறகு என்ன நடந்தது? எனக்கு அந்தத் துண்டு இல்லை” என்றான்.

சொன்னேன். அப்பா அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டது. பக்கத்து வீட்டு றோசம்மா பாட்டைத் தொடங்கி முடிக்க முடியாமல் நின்றது. சேமக்காலைக்குப் போகும் வழியில் வெயிலோடு தூறினது. அவன் பங்குக்கும் சேர்த்து நான் இரண்டு பிடி மண் போட்டது.

“நல்லா அழுதனீங்களோ அக்கா?”

“ஓம் தம்பி. நல்லா அழுதனான்.”

நவம்பர் 2. ஞாயிறு

சகல ஆத்துமாக்கள் திருநாள். காலையில் சேமக்காலையில் அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்று விடவில்லை, நாலு தடவை கொளுத்த வேண்டியிருந்தது.

செபமாலை மாதம் முடிந்தும், ஆத்துமாக்களுக்காக மாலையில் போனில் கூடினோம். ஐந்தாம் பத்து வந்தது. பெனடிக்ற்றின் மூச்சு மட்டும் கேட்டது. முகம் போகவில்லை. “அருள் நிறைந்த மரியாயே” என்று தொடங்கினான், குரல் உடைந்தது, விட்டு மறுபடியும் தொடங்கினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். இவ்வளவு பெலத்த குரல் அவரிடம் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பத்தும் முடிந்தது. அவன் நிறுத்தவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. றொசானா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா செபமாலையை நெஞ்சில் வைத்துவிட்டு வெறுங்கையோடு பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் சொன்னோம். பதினேழு வரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை.